அரசாங்கம் திருப்பித் தந்த ஒரு மணித்தியாலம்

குரொய்டன், இலண்டன்
2025 நவம்பர் 2

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நானும் அவரும் புள்ளைங்களும் நல்ல சுகம். அங்க நீங்களும் பெரியப்பாவும் மத்த எல்லாரும் சுகமா இருக்க மாரியாத்தாவை வேண்டிக்கிறேன். பெரியப்பாவோட முழங்கால் இந்தக் குளிருக்கு எப்படி இருக்கு? ஹட்டன் பக்கம் நல்ல மழைன்னு தம்பி சொன்னான். இங்க மழை பெய்யவும் பெய்யாது, விடவும் விடாது.

சுகம்னு எழுதிட்டேன். தூக்கத்தை மட்டும் கேக்காதீங்க.

போன ஞாயித்துக்கிழமை, அக்டோபர் 26ஆம் தேதி, இந்த நாட்டுல கடிகாரத்தைத் திருப்பிட்டாங்க. ராத்திரி ரெண்டு மணி அடிக்கப் போற நேரம் பாத்து அதை மறுபடியும் ஒரு மணியாக்குறாங்க. வருசா வருசம் இதே கூத்துதான். மார்ச் மாசக் கடைசி ஞாயிறு ஒரு மணித்தியாலத்தைப் புடுங்குவாங்க, அக்டோபர் கடைசி ஞாயிறு திருப்பித் தருவாங்க. நம்ம தேயிலைத் தோட்டத்துல தீவாளி அட்வான்ஸை முதல்ல குடுத்துட்டு, அப்புறம் மாசா மாசம் சம்பளத்துல புடிப்பாங்க. இங்க முதல்ல புடிச்சிட்டு, ஏழு மாசம் கழிச்சு வட்டியில்லாமக் குடுக்குறாங்க. அதுக்கே ஊரெல்லாம் சந்தோசம். "இன்னைக்கு ஒரு மணித்தியாலம் கூடத் தூங்கலாம்"னு டிவியில சிரிச்சுக்கிட்டே சொல்லுறாங்க. புள்ள இல்லாதவங்க பேச்சு அது.

சின்னவனுக்கு ரெண்டரை வயசு. வழக்கமா காலையில ஆறு மணிக்கு எந்திரிப்பான். கடிகாரத்தைத் திருப்புன அன்னைக்கும் அவன் கணக்குக்கு ஆறு மணிக்குத்தான் எந்திரிச்சான். சுவத்துல தொங்குறதுதான் அஞ்சுன்னு காட்டுச்சு. என் தலைமாட்டுல வந்து நின்னு, விரலால என் கண்ணிமையைத் தூக்கி, உள்ள ஆள் இருக்கான்னு பாத்துக்கிட்டு, "அம்மா, விடிஞ்சிருச்சு"ன்னான். திரையை விலக்கி வெளிய இருந்த கும்மிருட்டைக் காட்டினேன். ஒரு நிமிசம் யோசிச்சான். நடந்து போய் எட்டி சுவிட்சைப் போட்டான். "இப்ப விடிஞ்சிருச்சு"ன்னான். இதுக்கு மேல நான் என்னத்தைப் பேச?

அஞ்சே காலுக்குக் கஞ்சி வேணும்னான். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி தனியா இருக்காங்க. இவன் கரண்டியால கோப்பையைத் தட்டித் தாளம் போடுறான். சத்தம் வரக்கூடாதுன்னு பிளாஸ்டிக் கோப்பையாக் குடுத்தேன். தாளத்தை மேசைக்கு மாத்திட்டான்.

இங்க சின்னப் புள்ளைங்களைப் பாக்க வீட்டுக்கே ஒரு நர்சம்மா வருவாங்க. அவங்ககிட்ட கேட்டேன். மூளைக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுதாம், அதுக்கு வெளிச்சம்தான் சாவியாம். இருட்டுனா மெலடோனின்னு ஒண்ணு சுரந்து தூக்கத்தை வரவைக்குமாம், வெளிச்சம் பட்டா அது அடங்கிடுமாம். பெரியவங்க நாம கண்ணைக் கசக்கி, ஒரு சாயத்தண்ணியைக் குடிச்சு, புது நேரத்தோட ஒத்துப் போயிடுவோம். புள்ளைங்களோட உள் கடிகாரம் மெதுவாத்தான் நகருமாம். அதனால ஒரு வாரத்துக்கு முன்னாடியே படுக்கிற நேரத்தை நாளுக்குப் பத்துப் பதினஞ்சு நிமிசமாத் தள்ளிக்கிட்டு வரணும். சோறு, குளியல், கதை எல்லாத்தையும் அதோட சேத்துத் தள்ளணும். அந்திக்கு வீட்டு வெளிச்சத்தைக் குறைக்கணும், காலையில புள்ளைய வெளிச்சத்துல விடணும்.

எல்லாம் சரிதான். ஆனா அந்த ஒரு வாரத்துல தீவாளி வந்துச்சே! 20ஆம் தேதி ராத்திரி பத்து மணி வரைக்கும் புள்ளைங்க ரெண்டு பேரும் கம்பி மத்தாப்பும் கையுமா வாசல்ல நின்னாங்க. நாளுக்குப் பத்து நிமிசம்னு போட்ட கணக்கு ஒரே ராத்திரியில மூணு மணித்தியாலம் ஓடிருச்சு. லேட்டாப் படுத்தா லேட்டா எந்திரிப்பான்னுதானே நினைப்பீங்க? சின்னவன் மறுநாள் காலையில ஆறு மணிக்கு டாண்ணு எந்திரிச்சு நின்னான்.

மார்ச் மாசத்துக் கதை வேற மாதிரி. அப்ப காலையில தொல்லை இல்ல, ராத்திரியில. ஏழு மணிக்குப் படுக்கச் சொன்னா ஜன்னல்ல வெயில் அடிக்குது. மூத்தவளுக்கு அஞ்சு வயசு, பேச்சுக்குக் கேக்கவா வேணும்? "சூரியனே இன்னும் தூங்கல, நான் ஏன் தூங்கணும்?"னு கேட்டா. நம்ம ஊரு பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கிறதால வருசம் முழுக்கச் சூரியன் ஆறு மணியைச் சுத்தியே உதிக்குது, ஆறு மணியைச் சுத்தியே மறையுது. இங்க ஜூன் மாசம் ராத்திரி ஒம்பதேகால் தாண்டித்தான் மறையும். டிசம்பர்ல பின்னேரம் நாலு மணிக்கு முன்னாடியே இருட்டிடும். அதனால ஜன்னலுக்குக் கெட்டிக் கறுப்புத் துணி வாங்கி மாட்டினோம். உள்ள போனா ஸ்டோர் ரூம் கணக்கா இருக்கும். மூத்தவ அதுல ஒரு ஓரத்தைத் தூக்கிப் பாத்துட்டு, "அம்மா, வெளிய இன்னும் பகல்தான்"னு மணிக்கொருக்கா அறிக்கை குடுத்தா.

புள்ளைங்களுக்குன்னே ஒரு கடிகாரம் இங்க விக்கிறாங்க. தூங்குற நேரம் நிலா தெரியும், எந்திரிக்கலாம்னா சூரியன் வரும். நல்ல யோசனைன்னு வாங்கி வச்சேன். மூணு நாள் சின்னவன் நிலாவுக்கு மரியாதை குடுத்தான். அப்புறம் பின்னால இருக்கிற பட்டனைக் கண்டுபிடிச்சிட்டான். இப்ப எங்க வீட்டுல சூரியன் அவன் சொல்லுற நேரத்துக்கு உதிக்குது.

என் வீட்டுக்காரர் பாட்டைக் கேளுங்க. முதியோர் இல்லம் ஒண்ணுல நைட் ஷிஃப்ட், ராத்திரி எட்டுல இருந்து காலை எட்டு வரைக்கும். கடிகாரத்தைத் திருப்புற ராத்திரி பாத்து இவருக்கு வேலை. பன்னெண்டு மணித்தியாலம் பதிமூணாச்சு. மேல உள்ளவர்கிட்ட கேட்டதுக்கு, "மார்ச்சுல ஒரு மணித்தியாலம் குறைச்சு வேலை செஞ்சீங்களே, அதுக்கு இது சரி"ன்னாராம். மார்ச்சுல அந்த ராத்திரி இவருக்கு லீவு. நம்ம ஊர்ல கைக்காசுக்குக் கொழுந்து பறிக்க மலையேறுனாக்கூட நிறுத்துப் பாத்துக் காசு குடுப்பாங்க. இந்த ஒரு மணித்தியாலத்துக்குத் தராசே இல்ல. காலையில வீட்டுக்கு வந்து படுத்தவரோட கண்ணிமையைத் தூக்கிப் பாக்கவும் ஒருத்தன் காத்துக்கிட்டிருந்தான்.

இந்தக் கடிகாரம் திருப்புற வேலைக்கு வித்துப் போட்ட மனுசனோட ஊரும் எங்களுக்குப் பக்கத்துலதான். வில்லியம் வில்லெட்னு பேரு, வீடு கட்டுற கொந்தராத்துக்காரரு. விடியக்காலை குதிரைச் சவாரி போறப்ப, ஊரே திரையைப் போட்டுக்கிட்டுத் தூங்குறதைப் பாத்து வயிறு எரிஞ்சு, வெளிச்சம் வீணாப் போகுதுன்னு 1907ல ஒரு சின்னப் புத்தகம் போட்டாரு. பின்னேரம் கோல்ஃப் ஆடிக்கிட்டிருக்கும்போதே இருட்டிடுறதும் அவருக்குப் பொறுக்கலையாம். விடிஞ்சும் தூங்குறவனைக் கண்டா வயிறு எரியுற ஆளு, கோல்ஃப் வேற ஆடுவாரு! நுவரெலியாவுல பெரிய தொரையாப் பொறந்திருக்க வேண்டியவரு. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்கள்ல தொரைமார் வச்ச 'பாகான் நேரம்'னு ஒண்ணு இன்னைக்கும் இருக்கு, இந்திய நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்தி. கடிகாரத்தைத் தள்ளி வைக்கிறது இந்த வெள்ளைக்காரங்களுக்குக் கைவந்த கலை.

ஆனா வில்லெட்டை நான் முழுசாத் திட்ட மாட்டேன். ஏப்ரல்ல நாலு ஞாயிறு, ஞாயித்துக்கு இருவது நிமிசமா மெதுவாத் தள்ளுங்கன்னுதான் அவரு சொன்னாரு. நர்சம்மா சொன்ன அதே வைத்தியம்! அவரு 1915ல செத்துப் போயிட்டாரு. அடுத்த வருசம் யுத்தத்துக்கு நிலக்கரியை மிச்சம் புடிக்கணும்னு முதல்ல ஜெர்மனியும், மூணு வாரத்துல இங்கிலாந்தும், ஒரு மணித்தியாலத்தை ஒரே வெட்டா வெட்டிட்டாங்க. பெட்ஸ் வூட் காட்டுக்குள்ள அவருக்கு நினைவுச் சின்னமா ஒரு சூரியக் கடிகாரம் நிக்குது. அது வருசம் முழுக்கக் கோடை நேரத்தை மட்டும்தான் காட்டும். மாறாத கடிகாரம் இந்த ஊர்ல அது ஒண்ணுதான், பெரியம்மா. அதுவும் யாரு இதை ஆரம்பிச்சு வச்சாரோ அவருக்கு!

இதெல்லாம் உங்களுக்குப் புதுசா என்ன? 1996 ஞாபகம் இருக்கா? மழை பொய்ச்சு, நீர்த்தேக்கமெல்லாம் வத்தி, நாடு முழுக்கக் கரண்டு வெட்டு. கரண்டை மிச்சம் புடிக்கணும்னு மே 25ஆம் தேதி சந்திரிகா அம்மா அரசாங்கம் ஒரு மணித்தியாலத்தை முன்னுக்குத் தள்ளுச்சு. காசல்ரீயும் மவுசாக்கலையும் நம்ம மலையில, அதுல வர்ற கரண்டு கொழும்புல. நம்ம லயத்துல அப்ப மண்ணெண்ணெய் லாம்புதான். இல்லாத கரண்டை மிச்சம் புடிக்க நாமளும் கடிகாரத்தைத் திருப்புனோம்! அந்த அக்டோபர்ல அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் குடுத்தாங்க. மிச்ச அரை மணித்தியாலம் கிட்டத்தட்ட பத்து வருசம் அரசாங்கத்துகிட்டயே கிடந்துச்சு. எதைச் சொன்னாலும் "புது நேரமா, பழைய நேரமா?"ன்னு கேக்காம யாரும் நகர மாட்டாங்க. வடக்குல புலிகள் இருந்த பக்கம் பழைய நேரம்தான். வவுனியா தாண்டுறவங்க நேரத்தையும் தாண்டிப் போனாங்க.

அப்ப நீங்க புள்ளக்காம்பராவுல ஆயா. வரிசையாச் சேலைத் தொட்டில், கைக்கு ரெண்டு கயிறு, காலுக்கு ஒண்ணு. எனக்கு ஏழு வயசு, ஸ்கூல் விட்டு வந்து உங்களுக்குத் திரிபோஷா உருண்டை புடிச்சுத் தர்ற சாக்குல பாதியை நானே தின்னுடுவேன். காலையில பிரட்டுல பேர் குடுக்கப் புது நேரத்துக்குப் போகணும்னு தாய்மாரு இருட்டோட வந்து, தூங்குற புள்ளைங்களைக் கம்பிளியோட உங்க கையில திணிச்சிட்டு ஓடுவாங்க. பால் குடுக்கப் புது நேரம் பத்து மணிக்கு மலையிலிருந்து இறங்கி வந்தா, புள்ளைக்கு அது ஒம்பது மணி. பசியில்லாமத் தூங்கும். அவங்க திரும்பி மேட்டுல ஏறி நெரையைப் புடிச்ச பிறகு வரிசையா வீறிட்டு அழும். நீங்க நேரா கணக்குப்பிள்ளைகிட்ட போய், "தொரைக்குப் புது நேரம், பாலுக்குப் பழைய நேரம்"னு சொன்னீங்களாம். லயமே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சுச்சு. மறுநாள்ல இருந்து தாய்மாரு பதினொண்ணுக்குத்தான் இறங்கி வந்தாங்க. நர்சம்மாகிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். உங்களை இங்க அனுப்பி வைக்க முடியுமான்னு கேட்டாங்க.

கடைசியில அந்த அரை மணித்தியாலத்தை மீட்டுக் குடுத்ததும் புள்ளைங்கதான். இருட்டோட ஸ்கூலுக்குப் போகுதுங்கன்னு பெத்தவங்க முறைப்பட்டதும் ஒரு காரணமா, 2006ல சித்திரை வருசம் பொறந்த மறுநாள் நாடு பழைய நேரத்துக்கு வந்துச்சு. கொழும்புல இருந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் அந்த மாத்தம் வேணாம்னாரு. வெளிநாட்டுக்காரங்களோட பேசுறதுக்கு இந்த அரை மணிக் கணக்கு பெரிய தலைவலின்னு அவருக்கு வருத்தம். அப்ப எனக்கு அது புரியல. இப்ப நல்லாப் புரியுது.

கோடையில நமக்கு நாலரை மணித்தியால வித்தியாசம். இப்ப அஞ்சரை. வழக்கமா நீங்க அங்க பத்தரைக்குப் போன் பண்ணுவீங்க, இங்க ஆறு மணியா இருக்கும். போன ஞாயிறும் பத்தரைக்கே எடுத்தீங்க, இங்க அஞ்சு மணி. நான் போனைத் தேடி எடுக்கிறதுக்குள்ள சின்னவன் எடுத்து, "பாட்டி"ன்னு கதை பேச ஆரம்பிச்சிட்டான். அப்பத்தான் ஒண்ணு விளங்குச்சு. நம்ம கடிகாரம் மாறல, அவன் வயிறும் மாறல. அவன் எந்திரிக்கிற நேரம் ஹட்டன்ல என்னைக்கும் பத்தரைதான். மாறினது நாங்களும் எங்க சுவத்துக் கடிகாரமும்தான். இந்த வீட்டுல இலங்கை நேரத்துக்கு நடக்கிற ஒரே ஆளு அவன்.

அதனால ஒரு மணித்தியாலம் தள்ளிக் கூப்பிடுங்கன்னு தம்பி சொன்னாக் கேக்காதீங்க. பத்தரைக்கே எடுங்க. அத்தனை தொட்டிலையும் ஆட்டினவங்களுக்கு, இந்த ஒருத்தனைப் போன்ல ஒரு மணித்தியாலம் பாத்துக்கிறது பெரிய காரியமா? நான் போர்வைக்குள்ள போயிடுறேன். ரீலோட் காசைத் தம்பிக்கு அனுப்பிட்டேன், மாசம் முழுக்கத் தாங்கும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்