நன்னெறிப் பீரியட்

தமிழகத்தில் அரசு உதவி பெறும் கத்தோலிக்கப் பள்ளிகளில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை கணக்கும் அறிவியலும் பக்கத்து அரசுப் பள்ளியின் அதே புத்தகங்கள்தாம்.  பள்ளியின் தனி முத்திரை வாரத்துக்கு ஓரிரு பீரியடுக்குள் அடங்கிவிடும். மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும்: திருமுழுக்குப் பெற்றவர்கள் மறைக்கல்விக்கு, மற்றவர்கள் நன்னெறிக்கு. பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளையைச் சமயப் போதனைக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28-ஆவது பிரிவு. பொய் சொல்லாதே என்பது மட்டும் இரண்டு அறைக்கும் பொது. காலாண்டுத் தேர்வு நெருங்கினால், பிறர் உடைமையை விரும்பாதே என்ற பாடம் பாதியில் இருக்கும்போதே கணக்கு வாத்தியார் உள்ளே வந்து பீரியடை எடுத்துக்கொள்வார். மொத்த மதிப்பெண்ணில் சேராத பாடம், பெற்றோரும் கேட்பதில்லை. ஆண்டு விழாவில் நன்னெறிக்கும் முதல் பரிசு உண்டு, பெரும்பாலும் கணக்கில் முதலாவதாக வந்த பிள்ளைக்கே.