பேரன் பார்க்கப் போவோர்க்கான சிம் இலக்கணம்: ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

பேறுகாலம் பார்க்கவும் பேரனைக் கொஞ்சவும் அமெரிக்காவுக்கு விமானம் ஏறும் பெற்றோருக்கு நம் சமூகம் அறிவுரை வழங்கத் தவறியதில்லை. ஊறுகாய் பாட்டிலைக் கசியாமல் கட்டுவது எப்படி, மசாலாப் பொடிகளைச் சுங்க அதிகாரியிடம் விளக்குவது எப்படி என்றெல்லாம் பெரியோர் தெளிவாகச் சொல்லிவைத்துள்ளனர். அங்கே போய் எந்த சிம்மைப் போடுவது என்ற வினாவுக்கு மட்டும் விடைகள் கல்யாண வீடுகளில் செவிவழிச் செய்திகளாகச் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தொகுத்து, வகுத்து, விரித்து முடிபு காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வெல்லை: பி-2 விசாவில் போவோர்க்கு வழக்கமாக ஆறு மாதம் தங்க அனுமதி கிடைக்கும். அவர்களே நம் ஆய்வுக்குரியோர். மூன்று நாள் மாநாட்டுக்குப் போகிறவர்கள் இதற்குப் புறம்பானவர்கள். அவர்களுக்கு எந்த சிம்மும் பொருந்தும், செலவு கம்பெனியுடையது.

2. முதல், கரு, உரி

மரபு வழுவாமல் தொடங்குவோம். முதற்பொருளில் நிலம், நியூ ஜெர்சி மாநிலத்து எடிசன். பொழுது, பனி தாங்காது என்பதால் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. கருப்பொருள்: இரண்டு சிம் போடும் ஆண்ட்ராய்டு போன், சிம் தட்டைத் திறக்கும் ஊசி, அந்த ஊசி தொலைந்தபின் அதன் வேலையைச் செய்யும் அம்மாவின் கம்மல் தண்டு. உரிப்பொருள்: ஓ.டி.பி. வரும்வரை காத்திருத்தலும் காத்திருத்தல் நிமித்தமும்.

கருப்பொருளில் இரு திரிபுகள் குறிப்பிடத்தக்கன. ஒன்று, 2022இல் வந்த ஐபோன் 14 தொடங்கி அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் சிம் தட்டே கிடையாது. மகன் ஆசையாகத் தன் போனைக் கொடுத்தால், கம்மலைக் கழற்றி வைத்துக்கொண்டு அம்மா அதை நான்கு பக்கமும் திருப்பிப் பார்ப்பார், துளை அகப்படாது. அந்த போனில் இந்திய எண் வேண்டுமானால் ஊரிலேயே அதை இ-சிம்மாக மாற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டும். மற்றொன்று, அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் மூன்றும் 2022க்குள் 3ஜி சேவையை அணைத்துவிட்டன. 4ஜியிலேயே பேச உதவும் வோல்ட்இ இல்லாத பழைய போனை எடுத்துப் போனால் பேச முடியும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

3. நால்வகைக் கொள்கையினர்

ரோமிங்வாதிகள்: "நம்ம சிம்மே இருக்கட்டும், எதுக்கு வம்பு" என்பது இவர்கள் கொள்கை. 2024 ஏப்ரலில் ஏர்டெல் தன் வெளிநாட்டு ரோமிங் பேக்குகளை நாளொன்றுக்கு 133 ரூபாய் முதல் என்று அறிவித்தது. ஒரு நெய் ரோஸ்ட் விலைதான். ஆனால் 180 நாளுக்குப் பெருக்கினால் 23,940 ரூபாய். ஆறு மாதம் நாள் தவறாமல் ஹோட்டலில் நெய் ரோஸ்ட் சாப்பிடும் ஓய்வூதியரை இந்த ஆய்வாளன் கண்டதில்லை. ஆகவே இக்கொள்கை ஒரு வாரப் பயணத்துக்கே பொருந்தும்.

இ-சிம்வாதிகள்: வீட்டிலிருந்தபடியே செயலியில் வாங்கும் பயண இ-சிம் இவர்களுடைய தெய்வம். அதில் பெரும்பாலும் நெட் வரும், எண் வராது. எண் இல்லாதவரை டாக்டர் வீட்டு வரவேற்பாளர் திருப்பி அழைக்க முடியாது.

குடும்பத்திட்டவாதிகள்: மகனுடைய போஸ்ட்பெய்டு திட்டத்திலேயே இன்னொரு லைன் சேர்க்கலாம், லைன் கூடக் கூடத் தலைக்கான விலை குறையும் என்பது இவர்கள் வாதம். வாதம் வலுவானதுதான். கள ஆய்வில் பதிவான உரையாடல் வருமாறு:

"எவ்வளவுப்பா ஆகும்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. நீங்க விடுங்க."

இந்த 'ஒண்ணும் இல்ல' என்பதன் டாலர் மதிப்பு ஆய்வாளனுக்கு எட்டவில்லை. லைனைச் சேர்க்க ஒரு நிமிடம் போதும். நீக்க கஸ்டமர் கேருக்குப் பேச வேண்டும். அக்டோபரில் ஊர் திரும்பிய அப்பாவின் லைன் பொங்கல் வரை பில்லில் வாழ்ந்துகொண்டிருப்பது இயல்பு.

சில்லறைவாதிகள்: அமெரிக்காவில் நாடெங்கும் டவர் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் ஏடி அண்ட் டி, வெரைசன், டி-மொபைல் ஆகிய மூன்று. அவர்களுடைய டவரில் ஓடும் சேவையை வேறு பெயரில் சில்லறையாக விற்பவர்கள் பலர். மின்ட்டும் டெல்லோவும் டி-மொபைல் டவரில் ஓடும், விசிபிள் வெரைசனில், கிரிக்கெட் ஏடி அண்ட் டியில். பெரும்பாலும் ப்ரீபெய்டு. கடன் வரலாறு கேட்க மாட்டார்கள். டவரில் கூட்டம் நெரிந்தால் பெரும்பாலும் இவர்களுடைய வாடிக்கையாளர்தான் முதலில் பின்னுக்குத் தள்ளப்படுவார், அவ்வளவே குறை. மாதம் பத்து டாலருக்குள்ளும் திட்டங்கள் உண்டு. ஆய்வாளன் இக்கட்சியைச் சார்ந்தவன்.

4. துணை ஆய்வு: சிம்மும் சினிமாவும்

மலிவு சிம்முக்கும் சினிமாவுக்கும் இடையே பிரிக்கவியலாத தொடர்பு இருப்பது ஆய்வின்போது தெரியவந்தது. புலம்பெயர்ந்தோருக்கு மலிவு சிம் விற்கும் லைக்காமொபைலை 2006இல் தொடங்கியவர் இலங்கைத் தமிழரான அல்லிராஜா சுபாஸ்கரன். அவர் 2014இல் 'கத்தி' படத்தைத் தயாரித்து '2.0', 'பொன்னியின் செல்வன்' வரை போனார். அமெரிக்காவிலோ நடிகர் ரயன் ரெனால்ட்ஸ் 2019இல் மின்ட்டில் பங்கு வாங்கி, அதன் விளம்பரங்களில் தானே தோன்றினார். 135 கோடி டாலர் வரை தருவதாகப் பேசி டி-மொபைல் அதை வாங்கும் வேலை 2024இல் முடிந்தது. சிம்காரர் சினிமாவுக்குப் போவது நம் மரபு, சினிமாக்காரர் சிம்முக்கு வருவது ஹாலிவுட் மரபு என்று வகுத்துக்கொள்ளலாம். இரண்டாலும் சிக்னல் கூடவில்லை.

5. அகமும் புறமும்

எவ்வளவு டேட்டா வேண்டும் என்பதே அடுத்த வினா. காலை ஆறரை மணிக்கு எடிசனில் காபி. கோடையில் அப்போது மதுரையில் மாலை நான்கு. அம்மா அக்காவோடு வாட்ஸ்அப் வீடியோவில் ஒரு மணி நேரம் பேசுவார். பிறகு சீரியல், பிறகு யூடியூபில் கோவில் கும்பாபிஷேகம். எல்லாம் வீட்டு வை-ஃபையில். இவை அகத்திணை. கார் இல்லாமல் கடைத்தெருவுக்குக்கூடப் போக முடியாத ஊரில், கார் ஓட்டும் மகனை விட்டு இவர்கள் தனியே நிற்கும் இடங்கள் குறைவு. காஸ்ட்கோ பேரங்காடி அவற்றுள் தலையாயது. இது புறத்திணை.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"அரிசி மூட்டைகிட்ட."

"நானும் அரிசி மூட்டைகிட்டதான் நிக்கிறேன்."

"எந்த அரிசி?"

"பாஸ்மதி."

"இங்க ஜாஸ்மின்னு போட்டிருக்கு. நீ அங்கயே நில்லு."

ஒரு நிமிடமும் ஆகாத இந்த உரையாடலுக்கு ஒரு துளி டேட்டாவும் தேவையில்லை. காரின் பின்சீட்டிலிருந்து உறவினர் குழுவுக்கு ரோஜாப்பூவோடு 'குட் மார்னிங்' அனுப்பக் கொஞ்சம் வேண்டும். ஆக, சிறிய திட்டமே போதும், 'அன்லிமிடெட்' வீண்.

கடா: வருகிற போனை எடுத்தால் காசு உண்டா? விடை: நிமிடக் கணக்குள்ள அமெரிக்கத் திட்டத்தில் எடுத்தாலும் நிமிடம் குறையும். நமக்கு இது புதிதன்று. 1995 ஜூலை 31இல் கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு டெல்லியில் மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமை அழைத்து இந்தியாவின் செல்போன் காலத்தைத் தொடங்கிவைத்தபோதும் எடுப்பவருக்குக் கட்டணம் உண்டு. 2003 மே மாதத்தில்தான் இன்கமிங் இலவசமானது. பெல் அடித்ததும் வெட்டிவிட்டு லேண்ட்லைனுக்கு ஓடிய தலைமுறைக்கு இந்த ஒழுக்கம் கைகளில் இன்னும் மிச்சமிருக்கிறது.

6. ஊர் எண்ணை உயிரோடு வைத்தல்

அமெரிக்க எண் போனால் இன்னொன்று வாங்கலாம். ஊர் எண் போனால் பேங்க் போகும், கேஸ் புக்கிங் போகும், ஆதார் ஓ.டி.பி. போகும். 90 நாள் பயன்பாடே இல்லாத ப்ரீபெய்டு எண்ணை நிறுவனம் முடக்கலாம். 20 ரூபாய் பேலன்ஸ் இருந்தால் முடக்கக் கூடாது என்பது 2013இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்த விதி. ஆனால் பேக்கின் வேலிடிட்டி முடிந்தால் எண் இருந்தும் எஸ்எம்எஸ் வராமல் போகலாம். 2024 டிசம்பரில் டிராய் இதற்கும் வழி செய்தது. பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் தர வேண்டும், வேலிடிட்டி 365 நாள் வரை போகலாம் என்றது. அப்படியொரு நீண்ட பேக் போட்டு, ரோமிங்கை ஊரிலேயே ஆன் செய்து, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து, இரண்டாம் சிம்மாக வைத்துக்கொள்வதே முறை. வாட்ஸ்அப் "எண்ணை மாற்றலாமா" என்று கேட்டால் "வேண்டாம்" என்க.

7. துணிபு

இனி முடிந்த முடிபு. மின்ட் போன்ற நிறுவனங்களில் மாதம் 15 டாலர் அளவிலான விலை நிலைக்க வேண்டுமானால் ஓராண்டுக்கு மொத்தமாக 180 டாலர் கட்ட வேண்டும். விசா தருவதோ 180 நாள். மீதி ஆறு மாதம் யாருக்கு? சம்பந்திக்கு. ஏப்ரலில் வந்த, குழந்தையின் அப்பா வழியினர் அக்டோபரில் சிம்மைக் கழற்றி வைக்க, பனியோடு வந்திறங்கும் அம்மா வழியினர் அதை மாட்டிக்கொள்வர். தலைக்கு 90 டாலர். டிராயின் 90 நாளும் இந்த 90 டாலரும் பொருந்துவதை எண்கணித சோதிடர்கள் ஆராயலாம். குழந்தை வளர்ப்புக்கென்றே ஆண்டுத் திட்டம் வகுக்கப்பட்டது போலும் என ஐயுற இடமுண்டு.

இதற்கொரு மறுப்பும் உண்டு. நவம்பரில் ஒருநாள் மருந்துக்கடையிலிருந்து தானியங்கிக் குரல் அழைத்து, "உங்கள் சர்க்கரை மாத்திரை தயார்" என்று சொல்லும். எடுப்பவர் புது சம்பந்தி. மாத்திரை பழைய சம்பந்தியுடையது. கல்யாணம் பேசும்போது "எங்க வீட்ல யாருக்கும் சுகர் கிடையாது" என்று சொல்லப்பட்டிருக்கும். அதைக் கருதினால் ஆளுக்கொரு சிம் வாங்குவதே மலிவு என்பாரும் உளர்.