நிலவறை நிதியமைச்சர்

அமெரிக்காவில் பணவீக்கத்தைக் கணக்கிட ஒரு தனித் துறையே இருக்கிறது. முட்டை, பெட்ரோல், வீட்டு வாடகை என்று மாதாமாதம் விலை சேகரித்து, இத்தனை சதவீதம் என்று அறிவிக்கிறது. பாப் அதை நம்புவதில்லை. நாட்டுப் பொருளாதாரம் எப்படி என்று அவரிடம் கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடுவார்: "நைன் எம்.எம். தோட்டா இன்னைக்கு இருபத்தஞ்சு சென்ட்." அவ்வளவுதான். மிச்சத்தை நாம்தான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

பாப் என்பது ஒரு வசதிக்காக நான் வைத்த பெயர். ஒஹாயோவிலோ டென்னசியிலோ எந்தத் துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்தாலும் கல்லாவுக்கு எதிரே முழங்கை ஊன்றியபடி நிற்பார். அறுபதைத் தாண்டிய வயது. எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். வாங்க வந்தாரா, பேச வந்தாரா என்பது கடைக்காரருக்கே இதுவரை பிடிபடவில்லை. யாராவது இளைஞன் வந்து ஒரு பெட்டித் தோட்டா கேட்டால் போதும், பாப்புக்குப் பொறுக்காது. "ஒரு பெட்டியா? தம்பி, மலிவா இருக்கும்போதே வாங்கு, மலையா அடுக்கு. நாளைக்கு என்ன விலையோ யார் கண்டா?"

நாளைக்கு என்ன விலை என்பது பாப்புக்குத் தெரியாமல் இருக்கலாம். நேற்றைய விலைகள் அத்தனையும் அத்துப்படி. நாட்டு வரலாற்றையே அவர் அப்படித்தான் வைத்திருக்கிறார். 2008 கடைசியில் ஒபாமா ஜெயித்தார், கடை அலமாரி காலி. 2013 பாயின்ட் 22 தோட்டாப் பஞ்சம். ஐந்நூற்றுச் சொச்சம் தோட்டா அடங்கிய பெட்டி இருபது டாலர் விற்றது போய், ஐம்பது கொடுத்தாலும் கிடைக்கவில்லை. சரக்கு லாரி எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வரும் என்று விசாரித்து வைத்துக்கொண்டு, விடிவதற்கு முன்பே பிளாஸ்க்கில் காப்பியோடு வரிசையில் நின்றார்கள். ஆளுக்கு மூன்று பெட்டிதான் என்று போர்டு. அப்புறம் 2020. கழிப்பறைக் காகிதமும் தோட்டாவும் கிட்டத்தட்ட ஒன்றாகவே காணாமல் போயின. கொரோனாவுக்கு முன்னால் இருபது சென்டுக்குக் கிடைத்த நைன் எம்.எம்., 2021 தொடக்கத்தில் எழுபது சென்டையும் தாண்டிப் போனது. 2020 என்ற அந்த ஒரே வருஷத்தில் துப்பாக்கி தொடர்பாக எஃப்.பி.ஐ. செய்த பின்னணிச் சரிபார்ப்பு ஏறத்தாழ 3 கோடியே 97 லட்சம். அதற்கு முன் அப்படி ஒரு வருஷம் இல்லை.

இந்தப் பஞ்சமெல்லாம் எப்படி வந்தது? "எல்லாம் இந்தப் பதுக்கல்காரனுங்களால" என்பார் பாப், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் வீட்டு நிலவறைக்கு ஒருமுறை இறங்கிப் பார்க்க வேண்டும். சுவரோரம் ராணுவப் பச்சை இரும்பு டப்பாக்கள் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு டேப். அதில் அவர் கையெழுத்தில் ரகம், எண்ணிக்கை, வாங்கிய தேதி, ஒரு தோட்டாவுக்கு விழுந்த விலை. உள்ளே ஈரத்தை உறிஞ்ச ஒரு சிலிக்கா பொட்டலம். மேலே மரப்பலகை பாரம் தாங்காமல் நடுவில் தொய்ந்திருக்கும். அதன்மேல் பழைய சோவியத் சரக்கு: 440 தோட்டாக்களை உள்ளே வைத்துத் தகரத்தில் அடைத்தது. திறக்கத் தனியாக ஒரு ஆப்பனர் வேண்டும். பாப்பிடம் டப்பா பத்து இருக்கிறது, ஆப்பனர் எங்கே வைத்தார் என்பதுதான் நினைவில்லை.

இது பதுக்கல் இல்லையா? இல்லை. இது முன்யோசனை. வரிசையில் பாப்புக்கு முன்னால் நிற்கிறவன் பதுக்கல்காரன், பின்னால் நிற்கிறவன் சோம்பேறி. நடுவில் நிற்கிறவர் ஒருவர் மட்டுமே நியாயமான நுகர்வோர்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு அவர் சுடுவதாவது உண்டா என்று கேட்கலாம். அங்கேதான் கணக்கு இடிக்கிறது. பதினெட்டு சென்டுக்கு வாங்கிய தோட்டா எழுபது சென்டுக்கு ஏறியிருக்கும்போது ஒன்றைச் சுட்டால் ஐம்பத்திரண்டு சென்ட் லாபம் புகையாகப் போகிறது, மனசு வருமா? சரி, விலை இறங்கட்டும் என்று காத்திருந்தால், இறங்கிய பிறகு இருக்கிற காசையெல்லாம் போட்டு வாங்க வேண்டிய நேரம் அது. சுட்டுக்கொண்டிருந்தால் குவிப்பது எப்போது? ஆக, விலை ஏறினாலும் சுட முடியாது, இறங்கினாலும் சுட முடியாது. வருஷத்துக்கு இரண்டு முறை மச்சினன் வற்புறுத்தி ரேஞ்சுக்கு இழுத்துக்கொண்டு போவான். அங்கே பாப் ஒரு தோட்டா சுடுவார், குனிந்து பித்தளைக் கூட்டைப் பொறுக்குவார், அடுத்ததைச் சுடுவார். அந்தக் கூட்டில் மறுபடி மருந்தடைத்துப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று எண்ணூறு டாலருக்கு ஒரு இயந்திரமும் வாங்கிப் போட்டிருக்கிறார். மருந்தைப் பற்றவைக்க வேண்டிய பிரைமர் கிடைக்காத பஞ்சம் தனிக் கதை.

அரசியலில் அவர் நிலைப்பாடு தெளிவானது. துப்பாக்கியைக் கட்டுப்படுத்துவேன் என்கிறவருக்கு ஓட்டு இல்லை. ஆனால் அந்தத் தொழிலின் லாபநஷ்டக் கணக்கைப் பார்த்தால் தலை சுற்றும். ஒபாமா இருந்த எட்டு வருஷமும் விற்பனை கொடிகட்டிப் பறந்தது. ஒரு துப்பாக்கியைக்கூடப் பிடுங்காமல், பிடுங்கிவிடுவாரோ என்ற பயத்திலேயே அவர் விற்றுக் கொடுத்ததைப்போல எந்த விற்பனைப் பிரதிநிதியும் விற்றதில்லை. 2016இல் பாப்பின் ஆள் ஜெயித்தார். பயம் போயிற்று, பயத்தோடு வியாபாரமும் போயிற்று. 1816இல் தொடங்கிய ரெமிங்டன் கம்பெனி, துப்பாக்கியை நேசிக்கும் அதிபர் வெள்ளை மாளிகையில் இருக்கும்போதே 2018இல் திவால் மனு கொடுத்தது. 2020இல் மறுபடியும் கொடுத்தது. பாப்பிடம் இதைச் சொன்னால், "அதனாலதான் அப்ப விலை இறங்குச்சு. நாலு டப்பா வாங்கிப் போட்டேன்" என்பார். தன் ஓட்டு கம்பெனியைக் கவிழ்த்ததிலும் அவருக்கு ஒரு தள்ளுபடி கிடைத்திருக்கிறது.

கம்பெனிகளிடம் அவர் எதிர்பார்ப்பது விசுவாசம். 2000இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், பூட்டு வைத்து விற்கிறோம் என்பது முதலான சில பாதுகாப்பு நிபந்தனைகளுக்குக் கிளின்டன் அரசிடம் ஒப்புக்கொண்டது. பாப்பும் அவர் போன்றவர்களும் அதை விலக்கிவைத்தார்கள். 1987இல் 11 கோடியே 25 லட்சம் டாலருக்குக் கைமாறிய கம்பெனி, 2001இல் ஒன்றரைக் கோடிக்கும் கடனோடும் விலைபோனது. வாங்கியது யார் தெரியுமா? துப்பாக்கிக்குப் பூட்டு செய்கிற கம்பெனி. வெள்ளையனை வெளியேற்றிய பெருமையோடு பாப் இந்தக் கதையைச் சொல்வார், கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டு.

விட்டுவிடுகிற வரி இன்னொன்றும் உண்டு. 2013 பஞ்சத்தை அவர் எப்போதும் ஜனவரியிலிருந்துதான் தொடங்குவார். அதற்கு முந்தைய டிசம்பர் 14 அன்று, கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுனில், சாண்டி ஹூக் பள்ளிக்கூடத்தில் இருபது குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சட்டம் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தது. அதன் பின்னாலேயே வரிசையும் எழுந்தது. பாப் கல்நெஞ்சக்காரர் அல்லர். அன்று இரவு டி.வி. முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்தான். காலையில் கடை திறக்கும்போது வாசலில் நின்றதும் அவர்தான். இரண்டுக்கும் நடுவே ஏதாவது தொடர்பு இருக்கிறதா என்று அவரைக் கேட்டவர் யாரும் இல்லை; கேட்டாலும் அவர் வரிசையில் தனக்கு முன்னால் நின்றவனைத்தான் காட்டுவார்.

டாலர் மேல் அவருக்கு மரியாதை கிடையாது. 1971இல் நிக்சன் தங்கத்தோடு இருந்த கட்டை அறுத்துவிட்ட நாளிலிருந்து அது வெறும் காகிதம், அச்சடிக்க அச்சடிக்க மதிப்பு குறையும், ஒருநாள் அடுப்பெரிக்கத்தான் உதவும். அப்போது செல்லுபடியாகப் போகிற உலோகங்கள் மூன்று: தங்கம், வெள்ளி, ஈயம். முதல் இரண்டை வாங்கக் காசில்லாததால் மூன்றாவதில் முதலீடு செய்திருக்கிறார். பணவீக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே காது மடல் சிவந்துவிடும்.

அந்தப் பணவீக்கம் அவருக்கு ஒரு பெரிய உபகாரம் செய்திருக்கிறது. அதை அவர் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. 1934இல் கொள்ளைக் கும்பல்களை ஒடுக்க, மெஷின் கன், சைலன்சர் போன்றவற்றுக்கு 200 டாலர் வரி போட்டார்கள். அன்று தாம்சன் மெஷின் கன் விலையே ஏறக்குறைய அவ்வளவுதான். யாரும் வாங்கக் கூடாது என்பதற்காகவே போட்ட வரி. விலைவாசியோடு அதை ஏற்ற வேண்டும் என்று மட்டும் சட்டத்தில் எழுத மறந்துவிட்டார்கள். பாப் திட்டுகிற அதே காகித டாலர், வருஷா வருஷம் அந்த வரியைக் கரையான்போல அரித்துத் தின்று, அவர் சைலன்சர் வாங்கிய நாளில் நாலு பேர் ஹோட்டலில் சாப்பிடுகிற செலவுக்குக் கொண்டுவந்து விட்டிருந்தது. டாலர் தங்கத்தோடு கட்டுண்டே இருந்திருந்தால் பாப் அந்தப் பக்கம் போயிருக்கவே முடியாது. 2026 ஜனவரியிலிருந்து சைலன்சருக்கு வரியே இல்லை என்று ஆகிவிட்டது. அதற்கும் பாப் சந்தோஷப்படவில்லை. "நான் கட்டின இருநூறைத் திருப்பிக் கொடுப்பானா?"

வரி என்றால் எரிந்துவிழும் இவரே மார்தட்டிக்கொள்ளும் வரி ஒன்று இருக்கிறது. 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தின்படி நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம், கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம். உற்பத்தியாளர் கட்டுவது, விலையில் ஏறிவிடும். பணம் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. மானும் காட்டு வான்கோழியும் மறுபடி பெருகியதில் இந்தப் பணத்துக்கு நிஜமாகவே பங்குண்டு. ஒபாமாவுக்குப் பயந்து பாப் வாங்கிக் குவித்தபோதெல்லாம் எங்கோ ஒரு வான்கோழிக்கு நல்ல காலம் பிறந்தது.

மொத்தம் எத்தனை துப்பாக்கி வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள். 2017இல் பியூ ஆய்வு மையம் எடுத்த கணக்கில், துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பத்துக்கு மூன்று பேர் ஐந்தோ அதற்கு மேலோ வைத்திருந்தார்கள். மூன்றில் ஒருவரிடம் ஒன்றே ஒன்று. அந்த ஒற்றைத் துப்பாக்கிக்காரர்கள் அதை ஒரு டிராயரில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கிறார்கள், கல்லாவில் முழங்கை ஊன்றுவதில்லை. ஆகவே அவர்கள் இந்தக் கட்டுரைக்கு உதவ மாட்டார்கள். பாப்பிடம் கேட்டால் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "எல்லாம் ஏரியில போச்சு. படகு கவிழ்ந்துடுச்சு" என்பார். அவர் வட்டாரத்தில் எல்லாருக்கும் இதே விபத்து நடந்திருக்கிறது. அமெரிக்க ஏரிகளின் அடியில் அத்தனை இரும்பு கிடப்பது உண்மையானால் நீர்மட்டம் இரண்டடி உயர்ந்திருக்கும். பாப்பிடம் படகு கிடையாது என்பதும் ஒரு விவரம்.

உண்மையான எண்ணிக்கை மனைவிக்கும் தெரியாது. புதிதாக ஒன்று வரும்போது, "இதுவா? ரொம்ப நாளா இருக்கே" என்று சொல்லிவிடுவதுதான் மரபு. விலை கேட்டால் முந்நூறு. எதுவானாலும் முந்நூறு. அரசாங்கம் புள்ளிவிவரத்தைக் குறைத்துச் சொல்கிறது என்று பாப் சந்தேகப்படுவதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரே ஒரு பயம் அவரை இரவில் எழுப்பும்: தான் கண்ணை மூடினால், தான் சொன்ன விலைக்கே அந்த அம்மாள் எல்லாவற்றையும் விற்றுவிடுவாளே!

அந்த அம்மாளேதான் போன மாதம் முடிவாகச் சொல்லிவிட்டாள்: கூரை ஒழுகுகிறது, ஒன்றிரண்டை விற்று வா. பாப் மறுப்புச் சொல்லாமல் பழைய ரஷ்ய மோசின்-நாகன்ட் ரைஃபிள் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, குழலில் ஒரு சீட்டைச் செருகி, துப்பாக்கிச் சந்தைக்குப் போனார். சோவியத் யூனியன் உடைந்தபின் பெட்டிபெட்டியாக வந்து இறங்கியபோது நூறு டாலருக்கும் கீழே வாங்கியது. சீட்டில் எழுதியிருந்தது அறுநூறு, கீழே, "பேரம் கிடையாது, இதன் மதிப்பு எனக்குத் தெரியும்."

மேஜை மேஜையாக நடந்தார். கத்தி விற்கிறவர், மாட்டுக்கறி உப்புக்கண்டம் விற்கிறவர், உலகம் முடியும் நாளுக்கான பருப்பு டப்பா விற்கிறவர். ஒருவர் ரைஃபிளை வாங்கிப் பார்த்து, திரும்பக் கொடுத்து, முந்நூறு என்றார்.

"முந்நூறா? இது 1943ஆம் வருஷத்து இஷெவ்ஸ்க் சரக்கு!"

"அந்த வருஷம் அவங்க அவசர அவசரமா செஞ்சது. இருங்க, அந்த மேஜையில ஒருத்தர் ரெண்டு வெச்சிருக்கார், சோடியா ஐந்நூறு சொல்றார்."

பாப்புக்கு ரத்தம் கொதித்தது. அந்த மேஜைக்கே நேரே போனார், அந்த அறிவுகெட்டவனைப் பார்த்து நாலு வார்த்தை கேட்க. பொழுது சாயும்போது வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றது. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த மனைவி, அவர் பின்கதவைத் திறந்து ஒவ்வொன்றாக இறக்குவதைப் பார்த்தாள். ஒன்று. இரண்டு. மூன்று.

"வித்தாச்சா?"

"சந்தை படு மோசம்" என்றார் பாப். "எவனும் நியாயமான விலை கேக்க மாட்டேங்கறான். எல்லாத்தையும் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடறாங்க."

"இந்த ரெண்டு?"

"இதுவா? ரொம்ப நாளா இருக்கே."