பின் பம்பரியல்: சில சிக்கல்களும் ஒரு தீர்வின்மையும்

காடுமேடு ஏறும் வண்டிக்குப் பின் பம்பர் தேர்வது எங்ஙனம் என்னும் வினா தமிழாய்வுலகில் இதுகாறும் உரிய கவனம் பெறவில்லை. முன் பம்பரைப் பற்றிப் பேசாத டீக்கடை இல்லை. பின் பம்பரோ பின்னால் இருக்கும் ஒரே குற்றத்துக்காகப் புறக்கணிக்கப்பட்டது. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வு எல்லை: மகிந்திரா தார், மாருதி ஜிம்னி, உற்பத்தி நின்ற பின்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஜிப்ஸி. கருதுகோள்: பின் பம்பர் இரும்பாலானது. கருதுகோள் இல்லாத ஆய்வேட்டை எந்தப் பல்கலைக்கழகமும் கையால் தொடாது என்பதால் இது சேர்க்கப்பட்டது.

முதற்கண் தோற்றமும் வளர்ச்சியும். இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் பின்னால் இன்று நாம் சொல்லும் பம்பரே கிடையாது. இரு ஓரங்களில் இரண்டு குட்டி இரும்புத் துண்டுகள், நடுவே டிரெய்லர் மாட்டும் கொக்கி, அவ்வளவுதான். மகிந்திரா வில்லிஸ் ஜீப்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது 1947-ல். சுதந்திரமும் பின் பம்பர்ச் சிக்கலும் ஒரே ஆண்டில் வந்தன என்று சொல்லலாம். சொன்னால் யாரும் மறுக்கப்போவதில்லை, யாரும் படிக்கப்போவதில்லை. அந்த இரு துண்டுகளும் உண்மையில் ஒன்றே, இடைவெளி மாயை என்பது அத்வைதப் பட்டறை. இரண்டும் வேறு, போல்ட்டும் வேறு என்பது துவைதப் பட்டறை. விசிஷ்டாத்வைதப் பட்டறைக்காரர் நடுவில் ஒரு தகட்டை வைத்து வெல்டிங் அடித்து, அதற்குத் தனியாகக் காசு வாங்கிக்கொள்வார் (பட்டறை வாய்மொழி, ப. 3).

இனி வகைப்பாடு. கம்பெனி பம்பர்: பிளாஸ்டிக், மேலே செல்க. பைப் பம்பர்: எடை குறைவு, சேறு தங்காது, பார்க்க ஏழைத்தனமாக இருப்பதால் வாங்குவோர் குறைவு. தகட்டுப் பம்பர்: கனம், கறுப்பு, பவுடர் கோட்டிங், மேலும் கனம். இந்தக் கனம் முழுதும் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குவதால் பின் ஸ்பிரிங் அமுங்கும், முன்பக்கம் லேசாகத் தூக்கும், ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணுக்குள் அடிக்கும். இதை 'கம்பீரம்' என்று குறிக்கும் மரபும் உண்டு.

சட்டம்: வண்டியை மாற்றியமைப்பது பற்றிய 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவைப் படித்துவிட்டு எஃப்.சி.க்குப் போகவும்.

சென்சார்: 2019 ஜூலை முதல் தயாரான கார்களில் பின் பார்க்கிங் சென்சார் கட்டாயம், தகட்டில் அதற்கு ஓட்டை இல்லையென்றால் வண்டி தன் பம்பரைப் பார்த்தே கத்தும்.

கோணத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். பள்ளத்திலிருந்து மேடேறும்போது வால் தரையில் இடிக்காமலிருக்கப் பின் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து பம்பரின் கீழ் விளிம்புக்கு இழுத்த கோடு தரையோடு ஆக்கும் கோணம்தான் டிபார்ச்சர் ஆங்கிள். தாருக்கு இது 36.8 டிகிரி, ஜிம்னிக்கு 50. டயர் தரையைத் தொடும் இடத்துக்கு 60 செ.மீ. பின்னால் அந்த விளிம்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். புது பம்பர் 10 செ.மீ. கீழே இறங்கினால் தாரின் கணக்கில் ஆறு டிகிரிக்கு மேல் காலி. அதாவது வாலைக் காக்க வாங்கிய பம்பரே முதலில் இடிக்கிற பொருளாகும். ஸ்கேலும் பென்சிலும் இருந்தால் வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். ஆனால் எளிதில் சரிபார்க்கக்கூடியதை ஆய்வாளர் விவாதிப்பதில்லை என்ற மரபையொட்டி இதை இங்கேயே விடுகிறோம்.

ஏனெனில் இத்துறையின் உயிர்நாடி பம்பர் அன்று. அதில் மாட்டும் ஜெர்ரிகேன்.

1937 வாக்கில் ஜெர்மன் ராணுவத்துக்காக வடிவமைக்கப்பட்ட 20 லிட்டர் தகரக் கேன் இது. தலையில் மூன்று கைப்பிடி. நடுப்பிடியைப் பிடித்தால் ஒருவர் தூக்கலாம். ஓரப்பிடிகளைப் பிடித்தால் இருவர் சேர்ந்து தூக்கலாம். காலியாக இருந்தால் ஒரே கையில் இரண்டு கேன்களைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். பாலைவனத்துக்கும் போர்முனைக்கும் பிறந்த பொருள். அது கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஒரு பங்க்கைத் தாண்டி இன்னொரு பங்க் வருவதற்குள், பம்பரில் தொங்கிக்கொண்டு ஏன் போகிறது? இங்குதான் அறிஞர்கள் பிளவுபடுகிறார்கள்.

நிறைகேன் கோட்பாட்டினர், உள்ளே பெட்ரோல் இருந்தே தீரும் என்பர். இருந்தால் பெட்ரோல் மட்டுமே சுமார் 15 கிலோ. பின்னால் லாரி இடித்தால் முதலில் நசுங்குவது அதுவே. வெறுங்கேன் கோட்பாட்டினர், சிக்னலில் நிற்கும்போது விரலால் தட்டிப் பார்த்து 'டொய்ங்' என்ற ஒலியைச் சான்றாகக் காட்டுவர் (கேனொலி விளக்கம், ப. 41, மேற்படி, மேற்படி). நிறைகேனர் மறுமொழி: தட்டியவர் மேல்பாதியைத் தட்டினார். இதற்கு வெறுங்கேனர் வெளியிட்ட மறுப்புக்கு நிறைகேனர் எழுதிய மறுப்பு 'மறுப்புக்கு மறுப்பு மறுக்கப்படுகிறது' என்று அறியப்படுகிறது. மூன்றாம் அணியினர், உள்ளே இருப்பது குற்றால அருவித் தண்ணீர் என்பர் (ஜெர்ரிகேன் சிந்தாமணி, மூடிப் படலம், 14-ஆம் சூத்திர உரைக்கு எழுந்த குறிப்புரையின் அடிக்குறிப்பு, அச்சில் இல்லை, சுவடியும் இல்லை, பதிப்பாசிரியரிடம் ஜெராக்ஸ் உண்டு, கேட்டால் பீரோ சாவி தொலைந்துவிட்டது). நம் பதிப்புச் சண்டைகள் பலவும் இந்தச் சாவியைத் தேடுவதிலேயே முடிந்திருக்கின்றன.

கேனின் மூடியைத் திறந்து பார்த்தால் என்ன என்று ஒரு மாணவர் கேட்டார். களஆய்வு அவர் தலைப்பில் இல்லை என்று வழிகாட்டி அவரை உட்காரவைத்தார். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் வாடகை ஜீப்காரரிடம் கேன் எங்கே என்று கேட்டால் 'எதுக்கு சார்?' என்பார். இது எதிர்ச்சான்று ஆகாது. அவர் மலையேறுபவர், ஆய்வுப் பொருளோ மலையேறும் வண்டி வைத்திருப்பவர். இவ்வேறுபாட்டை விரித்து ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கவிருக்கிறோம். மலரில் இடம்பெறப் பங்கேற்புக் கட்டணம் உண்டு, ஐ.எஸ்.பி.என். எண் உண்டு, படிப்பவர் தேவையில்லை.

எஞ்சிய சிறு விஷயங்கள் பின்னிணைப்பில். பெரிய டயர் போடுவோர் கவனிக்க: கனத்த ஸ்டெப்னி பின்கதவுக் கீலை இழுத்துத் தொங்கவைக்கும், அதைச் சுமக்கத் தனிக் கை வைத்த பம்பர் கிடைக்கிறது. வண்டி சேற்றில் சிக்கினால் இழுக்கும் பட்டையை டோ பாலில் மாட்டக் கூடாது. அந்த உருண்டை டிரெய்லர் இழுப்பதற்கானது. வெட்டி இழுக்கும்போது முறிந்தால் பட்டையோடு சேர்ந்து துப்பாக்கிக் குண்டாகப் பறக்கும், ஆள் செத்திருக்கிறார்கள். மாட்ட வேண்டிய இடம் சேஸிஸோடு பூட்டிய ரெக்கவரி பாயிண்ட். வேறு எதற்காக இல்லாவிட்டாலும் இதற்காகப் பம்பர் வாங்கலாம். நூல்வழக்கின்படி முக்கியமானது என்பதால்தான் பின்னிணைப்புக்குப் போனது.

ஆகவே வாசகர், கடைக்காரர் கேன் ஸ்டாண்டின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, பம்பரின் போல்ட் எங்கே போய் முடிகிறது என்று பார்க்கவும். சேஸிஸில் முடிந்தால் விலை பேசலாம். தகரத்தில் முடிந்தால் எழுந்து வந்துவிடவும்.