இரண்டாவது குளியலறை

பெர்லினில் சில வட்டாரங்களில் சொந்தக் கட்டடத்திலேயே இரண்டாவது குளியலறை கட்ட அனுமதி மறுக்கிறார்களாமே, குளிப்பதும் குற்றமா?

குளிப்பது குற்றமன்று, ஆனால் செலவைச் சுமப்பவர் யார், கடைசியில் அதில் குளிக்கப்போகிறவர் யார்? ஜெர்மானியக் குடியியல் சட்டத்தின் 559ஆம் பிரிவின்படி, வீட்டை நவீனமாக்க ஆகும் செலவில் 8 விழுக்காட்டை உரிமையாளர் ஆண்டு வாடகையோடு கூட்டிக்கொள்ளலாம் என்பதாலும், செலவு முழுவதும் பன்னிரண்டரை ஆண்டுகளில் வசூலான பின்னரும் அந்த உயர்வு இறங்குவதில்லை என்பதாலும், பளிங்கு பதித்த குளியலறை வரும்போது பழைய குடித்தனக்காரர் வெளியேற நேரிடுகிறது. எனவேதான் 'மிலியோஷுட்ஸ்' பகுதிகளில், அதாவது வாழும் மக்களின் சமூகக் கலவை சிதையாமல் காக்கவென அறிவிக்கப்பட்ட வட்டாரங்களில், குளியலறையே இல்லாத வீட்டில் முதலாவதைக் கட்ட வழிவிடும் அதிகாரிகள் இரண்டாவதைத் தடுக்கிறார்கள். இது நியாயமான தடையே.

எனினும், ஒருவர் காலி செய்த வீட்டுக்கு அடுத்தவரிடம் கேட்கப்படும் வாடகையை இந்த ஏற்பாடு கட்டுப்படுத்துவதில்லை. வாடகைக்கே உச்சவரம்பு விதித்த பெர்லினின் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தையோ, அந்த அதிகாரம் மாநிலத்துக்கு இல்லையெனக் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் 2021இல் செல்லாததாக்கிவிட்டது.