தண்ணீருக்கு மட்டும் காசு இல்லை

தென்காசியில் வீடு இருப்பவனுக்கு ஆனி பிறந்தால் போன் ஓயாது. "மாப்ளே, தண்ணி விழுதாமே?" என்று கேட்பவர் பருவமழையை விசாரிக்கவில்லை. சனிக்கிழமை ராத்திரி எத்தனை பாய் விரிக்க வேண்டும் என்று சொல்கிறார்.

எண்பதுகளில் இதற்கு அம்மா ஒரு கணக்கு வைத்திருந்தாள். குற்றாலம் ஐந்து கிலோமீட்டர். பெரியவர்களுக்குப் பஸ், பிள்ளைகள் நடக்கட்டும், டிக்கெட் காசு மிச்சம். அருவி என்ன செய்யும் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. பேரருவிக்குக் கீழே கால் மணி நேரம் தலையைக் கொடுத்தவனுக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கும். நடந்தும் வந்தவனுக்குக் கேட்க வேண்டாம். தூக்குச்சட்டிப் புளிச்சோறு, தலை துவட்டுவதற்குள் காலி. அப்புறம் பஜ்ஜிக்கடை வாசம். "பிள்ளைய பாவம்லா" என்று விருந்தாளி மாமா பையைத் துழாவத் தொடங்குவார். மிகவும் நிதானமாகத் துழாவுவார். அப்பா முந்திக்கொள்ள வேண்டியதுதான்.

அப்பாவின் பணம் சட்டைப்பையில் நாலாக மடித்து இருக்கும். சாரலில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிய நோட்டுகளை அவர் கிழியாமல் நகத்தால் பிரித்தெடுப்பார். அதற்குள் கடைக்காரருக்கே சலிப்பு வந்துவிடும். எங்களில் இரண்டு பேர் "வேண்டாம்ப்பா" என்றுவிடுவோம். எங்கள் குடும்பத்தின் சிக்கனம் பாதி அந்த ஈரத்தில் இருந்தது.

இப்போது நோட்டே கிடையாது. என் போன் பாலித்தீன் உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. பஜ்ஜிக்கடை, செருப்பு விடும் இடம், வண்டி நிறுத்தம், ரம்புட்டான் கூறு, எங்கும் கட்டம்போட்ட அட்டை தொங்குகிறது. காட்டினால் 'டிங்'. பணம் போனது வீட்டுக்கு வந்து குறுஞ்செய்திகளைக் கூட்டிப் பார்க்கும்போதுதான் தெரியும். மாமாவின் மகனும் வருகிறான். அவன் துழாவுவதில்லை. "சிக்னல் இல்ல அத்தான்" என்கிறான்.

வரவுப் பக்கமும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாதென்று நீதிமன்றம் சொல்லிவிட்டதால் சீயக்காய்ச் செலவு மிச்சம். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. என் மனைவி அந்தக் காசை மனத்துக்குள் சேர்த்துவைத்து மங்குஸ்தான் வாங்குகிறாள். டிக்கெட் காசுக்கு மங்குஸ்தான் எத்தனை சுளை வரும் என்று நான் கேட்பதில்லை.

சாயங்காலம் பிரானூர் போயாக வேண்டும். செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்த காலத்தில் அங்கே எல்லை இருந்தது. 1956 நவம்பர் 1இல் செங்கோட்டை நம்மோடு சேர்ந்தது, எல்லை மேற்கே போய்விட்டது. பரோட்டா மட்டும் இன்னும் 'பார்டர்' பரோட்டாதான். "இவ்ளோ தூரம் வந்துட்டு அதைச் சாப்பிடாமலா அத்தான்?" ஆட்டோவுக்கும் நான், இலைக்கும் நான்.

2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டமானது. அடுத்த மாதமே வீட்டுக்காரர் வந்தார். "இனிமே நாம தலைநகர்லா" என்று சிரித்தபடி வாடகையைக் கூட்டினார். தலைநகரவாசியின் சம்பளத்தைக் கூட்ட யாரும் வரவில்லை.

பேரருவியில் குளிக்க அன்றும் காசில்லை, இன்றும் காசில்லை. வாருங்கள், தண்ணீர் நன்றாகவே விழுகிறது. மாதக் கடைசியில் மட்டும் வேண்டாம்.