விளக்கு ஏற்றுங்கள், சம்பளம் கேட்காதீர்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் திருவண்ணாமலை பேருந்து நிலையத்தைச் சுற்றி வாருங்கள். கோபுரம் தெரியாது. நர்சிங் கல்லூரி ஃபிளெக்ஸ்தான் தெரியும். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், இந்த ஊரை வாழ்நாளில் பார்த்திராத ஒரு மாடல் பெண்ணின் புன்னகை. '100% வேலைவாய்ப்பு.' 'வெளிநாட்டில் லட்சங்களில் சம்பளம்.' 'அரசு அங்கீகாரம் பெற்றது.'

எந்த அரசு, எதற்கு அங்கீகாரம் கொடுத்தது என்று கேட்டுப் பாருங்கள். டிரஸ்ட் பதிவு எண்ணைக் காட்டுவார்கள். டிரஸ்ட் பதிய சார்பதிவாளர் அலுவலகம் போதும். நர்ஸாக வேலை பார்க்க நர்சிங் கவுன்சிலில் பதிவு வேண்டும். அதற்கான சட்டம் இந்த மாகாணத்தில் 1926-லேயே வந்துவிட்டது. செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் மகளைக் கூட்டிக்கொண்டு வரும் அப்பாவுக்கு அதை இன்றுவரை யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அதிகாரி அந்த ஃபிளெக்ஸுக்குக் கீழேதான் ஜீப்பை நிறுத்துகிறார்.

சரி, போலியை விடுங்கள். முறையான கல்லூரிக்கே போவோம். நாலு வருஷ பி.எஸ்சி. நர்சிங். டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டம். முதல் வருஷமே விளக்கேற்று விழா நடத்துவார்கள். தீபத்துக்குப் பேர்போன ஊர், விளக்குக்கா பஞ்சம்? சிறப்பு விருந்தினர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து தியாகத்தைப் பற்றிப் பேசுவார். பிள்ளைகள் பசியோடு விளக்கைப் பிடித்துக்கொண்டு நைட்டிங்கேல் உறுதிமொழி எடுப்பார்கள். அந்த உறுதிமொழியை நைட்டிங்கேல் எழுதவேயில்லை. 1893-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் வேறு சிலர் எழுதியது அது.

நிஜ நைட்டிங்கேல் வேறு மாதிரி ஆள். கிரிமியப் போரில் குண்டடியைவிட நோயிலும் அழுக்கிலும் அதிகம் சிப்பாய்கள் செத்தார்கள் என்பதை வரைபடம் போட்டு அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே நீட்டியவர். 1858-ல் லண்டன் புள்ளியியல் சங்கம் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்ட முதல் பெண். அவர் கையில் விளக்கு இருந்ததைவிட அதிக நேரம் கணக்கு இருந்தது. விழா மேடையில் இதை யாரும் பேச மாட்டார்கள். விளக்குப் பிடிக்கும் நர்ஸ் எல்லோருக்கும் வேண்டும். கணக்குக் கேட்கும் நர்ஸ் எவருக்கும் வேண்டாம்.

அடுத்து கேஸ் புக். இத்தனை பிரசவத்தை என் கையால் பார்த்தேன் என்று ஒவ்வொரு மாணவியும் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். சொந்த மருத்துவமனை வைத்திருக்கும் கல்லூரியில் பார்ப்பாள், எழுதுவாள். கட்டடத்தை மட்டும் வைத்திருக்கும் கல்லூரியில்? சீனியரின் கேஸ் புக் இருக்கிறதே. லட்சுமி, வயது 24, இரண்டாவது பிரசவம், சுகப்பிரசவம், பெண் குழந்தை, எடை 2.8 கிலோ. இந்த லட்சுமி பேட்சுக்கு பேட்ச் பெற்றுக்கொண்டே இருக்கிறாள். அவளுக்கு வயது ஏறுவதில்லை. ரத்த அழுத்தமும் ஏறுவதில்லை. நஞ்சுக்கொடி சொன்ன நேரத்துக்கு வந்து விழுகிறது. மேடம் கையெழுத்தும் விழுகிறது. நாளைக்கு ஒரு நிஜ லட்சுமிக்கு ராத்திரி இரண்டு மணிக்கு ரத்தப்போக்கு நிற்காதபோது, பக்கத்தில் தனியாக நிற்கப்போவது இந்தப் பெண்தான். பணிநீக்க உத்தரவும் இவள் பெயருக்குத்தான் வரும். கேஸ் புக்கில் கையெழுத்துப் போட்டவர் அதற்குள் பிரின்சிபால் ஆகியிருப்பார்.

சொந்த ஆஸ்பத்திரி உள்ள இடத்தில் இன்னொரு கூத்து. போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு. முதலாளியின் கணக்கு வேறு. ஸ்டாஃப் இல்லையா, மூன்றாம் வருஷத்தை நைட் டியூட்டிக்குப் போடு. ஃபீஸ் கட்டிவிட்டு வேலை பார்க்கும் தொழிலாளியை மார்க்ஸ்கூடக் கற்பனை செய்யவில்லை.

இதையெல்லாம் தடுக்க இன்ஸ்பெக்‌ஷன் இல்லையா என்பீர்கள். மத்தியப் பிரதேசத்தைப் பாருங்கள். நர்சிங் கல்லூரிகள் பல காகிதத்தில்தான் ஓடுகின்றன என்று வழக்கு. உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.யை அனுப்பியது. 169 கல்லூரிகள் தகுதியானவை என்று அறிக்கை வந்தது. 2024 மே மாதம், சான்று கொடுக்கப் போன சி.பி.ஐ. அதிகாரிகளே லஞ்ச வழக்கில் கைது. கைது செய்ததும் சி.பி.ஐ.தான். அந்த 169-ஐயும் மறுபடி ஆய்வு செய்ய வேண்டியதாயிற்று. நம்ம ஊரில் அப்படி நடக்காது என்று நீங்கள் சொல்ல வருகிறீர்கள். சொல்லி முடியுங்கள், காத்திருக்கிறேன்.

படித்து முடித்தாகிவிட்டது. இப்போது சம்பளம். உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2016-ல் மத்திய அரசு ஒரு குழு போட்டது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனை அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம் தர வேண்டும். 50 படுக்கைக்குக் கீழே என்றாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றது குழு. உங்கள் தெருமுனை நர்சிங் ஹோமில் எவ்வளவு தருகிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பில்லில் 'நர்சிங் சார்ஜ்' என்று ஒரு வரி வருகிறதே, அதில் எவ்வளவு நர்ஸிடம் போகிறது என்று கேஷ் கவுண்டரில் கேளுங்கள். செக்யூரிட்டி வந்து வழி காட்டுவார். பாண்டு எழுதி வாங்குவதும் ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்துவைப்பதும் கூடாது என்று இந்திய நர்சிங் கவுன்சில் 2011-லேயே சுற்றறிக்கை விட்டது. சுற்றறிக்கை ஃபைலில் பத்திரமாக இருக்கிறது. சான்றிதழ் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

தனியார்தான் அப்படி, அரசு தாய் போன்றது என்கிறீர்களா? 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வைத்து ஆயிரக்கணக்கில் நர்ஸ்களை எடுத்தது. போட்டித் தேர்வு, தரவரிசை, எல்லாம் முறைப்படி. சம்பளம் மட்டும் தொகுப்பூதியம், மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்றார்கள். இரண்டு வருஷம் கழித்து, 2017 நவம்பரில், சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவத் துறை இயங்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் போராட்டமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வேலைக்குத் திரும்பு என்றது உயர் நீதிமன்றம். திரும்பினார்கள். ஊதியம் பிறகு 14,000 ஆனது, 18,000 ஆனது. நிரந்தரம் தவணை முறையில் வருகிறது.

பிறகு கொரோனா. 2020 மார்ச் 22-ல் தட்டைத் தட்டினோம். ஏப்ரல் 5-ல் விளக்கேற்றினோம். மே 3-ல் ஹெலிகாப்டரில் பறந்து மருத்துவமனைகளின் மேல் பூத் தூவினோம். அந்த நாட்களில் ஒப்பந்தத்தில் எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸ்களை 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு போகச் சொன்னோம். புத்தாண்டு அவர்களுக்குத் தெருவில் பிறந்தது. பூ தூவிய எரிபொருள் செலவில் எத்தனை பேருக்கு எத்தனை மாதச் சம்பளம் என்று கணக்குப் போட நைட்டிங்கேல் உயிரோடு இல்லை.

நர்ஸ்கள் மட்டும் இல்லை, சமூகப்பணியில் முதுகலை (எம்.எஸ்.டபிள்யூ.) படித்தவன் நிலையும் இதுதான், இன்னும் சுருக்கம். எய்ட்ஸ் ஆலோசனை மையத்தில் தலை நரைக்கும்வரை ஒப்பந்த ஊழியர். மற்றவர்களின் நம்பிக்கையின்மைக்கு ஆலோசனை சொல்லும் வேலை.

கார்த்திகை தீபத்தன்று கிரிவலப் பாதையில் மருத்துவ முகாம்களைப் பார்த்திருப்பீர்கள். 14 கிலோமீட்டர், லட்சக்கணக்கில் கூட்டம். மயங்கியவருக்கு ஓ.ஆர்.எஸ்., கொப்புளத்துக்குக் கட்டு. மேஜைக்குப் பின்னால் நிற்கும் பெண்ணுக்கு மலையுச்சித் தீபத்தை நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. பாஸ் வாங்கியவர்கள் கோயிலுக்குள் நின்று நன்றாகப் பார்க்கிறார்கள். மறுநாள் பேப்பரில் பாராட்டு வருகிறது. ஆட்சியருக்கு.

இப்போது மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே ஜெர்மன் சொல்லிக்கொடுத்து நர்ஸ்களை அனுப்பிவைக்கிறது. போகட்டும், நன்றாகச் சம்பாதிக்கட்டும். ஜெர்மனியில் தாத்தா பாட்டிகளுக்கு நல்ல காலம். இங்கே ஜவ்வாது மலையின் சில ஊர்களில் டோலி கட்டித்தான் கர்ப்பிணியைத் தூக்கிவருகிறார்கள். பக்கத்து வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் 2023 மே மாதம் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் குழந்தை இறந்தது. திரும்பும் வழியில் சாலை முடிந்த இடத்தில் ஆம்புலன்ஸ் நின்றது. உடலைத் தாய் கையில் தூக்கிக்கொண்டு மலையேறினாள்.

கேட்டால், மலைக்கு நர்ஸ்கள் வர மறுக்கிறார்கள் என்பார்கள். சாலையில்லாத ஊருக்கு, பூட்டில்லாத குவார்ட்டர்ஸுக்கு, மார்ச் மாதத்துக்குப் பிறகு வேலை இருக்குமா என்று தெரியாத ஒப்பந்தத்தோடு ஒரு பெண் ஏன் வர மறுக்கிறாள் என்பதைக் கமிட்டி போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கமிட்டி உறுப்பினர்களுக்குப் பயணப்படி ஒன்றாம் தேதியே கணக்கில் ஏறிவிடும்.